மடங்கிய முழங்காலோடு நடந்த சிறுவன்: அறுவைக்குப் பிறகான 24 மாதங்கள்

பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி, வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை) உள்ள பிள்ளைக்கு எலும்பிலும் தசையிலும் பெரிய அறுவை சிகிச்சை செய்தால், முதல் ஆறு மாதம் நடமாட்டம் முன்னைவிடக் குறைந்துதான் இருக்கும். இதைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் பல இடங்களில் முன்கூட்டியே சொல்வதில்லை. அதனால் பல வீடுகளில் மூன்றாம் மாதம் மனம் விட்டுப்போய்ப் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அறுவை அரங்கில் எலும்பை நிமிர்த்துவது அரை நாள் வேலை. நிமிர்ந்த எலும்பை நடையாக்க இரண்டு ஆண்டு ஆகும். அந்த இரண்டு ஆண்டில் பெரும்பகுதி வீட்டிலும் பள்ளியிலும்தான் கழிகிறது.

இங்கே வரும் சிறுவன் தனி ஒருவன் அல்லன். இதே நிலையில் அறுவை செய்துகொள்ளும் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வழக்கமாகக் காண்பவற்றைச் சேர்த்து, தமிழ்நாட்டுச் சிறுநகரம் ஒன்றில் வாழும் ஒரே பிள்ளையாக எழுதப்பட்டிருக்கிறது.

அறுவைக்கு முன்

வயது 11, எடை 28 கிலோ. கர்ப்பத்தின் 30-வது வாரத்தில் பிறந்தவன். இரண்டு கால்களிலும் தசை இறுக்கம் உண்டு. கைகள் ஓரளவு நன்றாக வேலை செய்கின்றன. பேச்சிலும் படிப்பிலும் குறை இல்லை. ஆறாம் வகுப்பு.

நான்கு வயதில் நுனிக்காலில் நடந்தான் என்பதற்காக இரண்டு குதிகால் நாண்களையும் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நார்கள்) அறுவை செய்து நீட்டியிருக்கிறார்கள். குதிகால் தரையில் பதிந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஏழு வயதைத் தாண்டியதும் முழங்கால் மெல்ல மடங்கத் தொடங்கியது. ஒன்பது வயதில் உட்காரப் போகிறவன் பாதியில் நின்றுவிட்டது போன்ற நடை வந்துவிட்டது.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த அறுவையில் அதே தவறு நேராது. நடக்கும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க, அதன் மேல் கீழ்க்கால் முன்னோக்கிச் சாய்கிறது. அதை அளவோடு இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை. அந்தப் பிடி இருக்கும்வரை முழங்கால் தானாக நிமிரும். நாணை அளவுக்கு மீறி நீட்டினால் பிடி போய்விடும். கீழ்க்கால் முன்னே சரியும், முழங்கால் மடங்கும், உடல் எடை முழுவதையும் முன்தொடைத் தசை தாங்க வேண்டியிருக்கும். சிறு பிள்ளையாக இருக்கும்வரை அது தாங்கும். எடை ஏறும் வேகத்துக்கு வலு ஏறாததால் பிறகு தோற்றுவிடும். இரண்டு கால்களிலும் வாதம் உள்ள பிள்ளைக்கு, மேலே முழங்காலையும் இடுப்பையும் பார்க்காமல் குதிகால் நாணை மட்டும் நீட்டக் கூடாது என்று குழந்தை எலும்பு மருத்துவம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஐந்து நிலைகள் கொண்ட உடல் இயக்க வகைப்பாட்டில் (ஜி.எம்.எஃப்.சி.எஸ்.) இவன் மூன்றாம் நிலை, கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நடப்பவன். நடமாட்டத்தை அளக்க மெல்போர்னில் உருவான ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. வீட்டுக்குள் 5 மீட்டர், பள்ளிக்குள் 50 மீட்டர், வெளியே 500 மீட்டர் என்ற மூன்று தூரங்களில் பிள்ளை எப்படிப் போகிறான் என்று கேட்டு மதிப்பெண் கொடுப்பார்கள். சக்கர நாற்காலி அல்லது பிறர் தூக்குவது 1, வாக்கர் 2, ஊன்றுகோல் 3, கைத்தடி 4, சமதரையில் துணையின்றி நடப்பது 5, எந்தத் தரையிலும் நடப்பது 6. தவழ்ந்தால் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்து. இவன் வீட்டில் தவழ்ந்தான், பள்ளியில் வாக்கர் (2), வெளியே அம்மாவின் இடுப்பு (1).

படுக்கவைத்துப் பார்த்தபோது இரு முழங்கால்களும் கடைசி 20 டிகிரி நிமிர மறுத்தன. தொடை எலும்பு உள்நோக்கித் திருகியிருந்ததால் இடுப்பில் உள்சுழற்சி 70 டிகிரி, வெளிச்சுழற்சி 15 டிகிரி மட்டும். பாதங்கள் தட்டையாகி வெளிப்பக்கம் சரிந்திருந்தன. முழங்கால் சில்லு இயல்பான இடத்தைவிட மேலே ஏறியிருந்தது. மாலையானால் அந்த இடத்தில்தான் வலி. இடுப்பு எக்ஸ்ரேயில் தொடை எலும்புத் தலை 24% கிண்ணத்துக்கு வெளியே இருந்தது. 30 தாண்டினால் நெருங்கிக் கவனிக்க வேண்டும், 40 தாண்டினால் இடுப்புக்கே அறுவை தேவைப்படலாம். இவனுக்கு ஆண்டுக்கொரு எக்ஸ்ரே போதும்.

இத்தனை அளவுகளுக்குப் பிறகும் முக்கியமான கேள்வி ஒன்று மிச்சம்: பிள்ளைக்கு என்ன வேண்டும்? அவன் சொன்னது இரண்டு. பள்ளிக் கழிப்பறைக்கு யார் துணையும் இல்லாமல் போய் நின்று சிறுநீர் கழிக்க வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் நாட்டுப்பண் முடியும்வரை மற்றவர்களோடு நிற்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது, முதுகு தாங்காமல் போகுமுன் தூக்குவது குறைய வேண்டும். இந்த மூன்றும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டன. 24 மாதத்துக்குப் பிறகு அறுவை பலித்ததா என்று பார்க்க, எக்ஸ்ரேக்கு முன்னால் திருப்பிப் பார்க்க வேண்டிய பக்கம் அது.

“ஆபரேஷன் பண்ணா வாக்கர் இல்லாம நடந்துடுவானா, சார்?” என்பது எல்லாப் பெற்றோரும் கேட்பது. மூன்றாம் நிலையில் உள்ள பிள்ளை பெரும்பாலும் மூன்றாம் நிலையிலேயே இருப்பான். நிமிர்ந்து நிற்பான், வலி குறையும், களைப்பு குறையும், சிறு தூரங்களில் பிடிமானம் குறையலாம். இதற்கு மேல் வாக்குக் கொடுப்பது நியாயம் இல்லை.

என்ன செய்தார்கள், எதைத் தொடவில்லை

டொராண்டோவில் பணியாற்றிய மெர்சர் ராங் என்ற அறுவை மருத்துவர், ஆண்டுக்கு ஓர் அறுவையாக ஒவ்வொரு பிறந்தநாளையும் மாவுக்கட்டோடு கழிக்கும் இந்தப் பிள்ளைகளின் நிலையைப் ‘பிறந்தநாள் நோய்க்கூறு’ என்றார். அதற்கு மாற்றாக வந்ததுதான் தேவையான எல்லா மட்டங்களிலும் ஒரே தடவையில் திருத்தம் செய்யும் முறை. ஒரே மயக்கம், ஒரே மாவுக்கட்டுக் காலம், ஒரே மீட்சிக் காலம்.

இவனுக்கு இரண்டு பக்கமும் தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு வெட்டு. அந்த ஒரே வெட்டில் முழங்காலின் மடக்கும் எடுக்கப்பட்டது, திருகலும் நேராக்கப்பட்டது. தகடும் திருகாணியும் போட்டு நிறுத்தினார்கள். தளர்ந்து நீண்டிருந்த முழங்கால் சில்லு நாணைச் சுருக்கித் தைத்தார்கள். வளரும் பருவத்தில் அந்த நாண் ஒட்டும் எலும்பு முனையை வெட்டி இறக்கினால் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) கெடும் என்பதால் தையல்தான் வழி. பாதத்தில் குதிகால் எலும்பின் வெளிப்பக்கத்தில் எலும்புத் துண்டு ஆப்பு வைத்து நீட்டினார்கள். கெண்டைக்கால் தசையையும் குதிகால் நாணையும் தொடவே இல்லை. தொடையின் பின்தசையையும் விட்டுவிட்டார்கள். எலும்பிலேயே மடக்கு எடுபட்ட பிறகு அதையும் நீட்டினால் இடுப்பு முன்னே குப்புறச் சாய்ந்து கீழ்முதுகு வளையும்.

அறுவைக்கு இரண்டு மாதம் முன்பே வைட்டமின் டி அளவு பார்த்து, குறைவாக இருந்ததைச் சரிசெய்தார்கள். நடமாட்டம் குறைந்த பிள்ளைகளின் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். கட்டுக்குள் ஆறு வாரம் கிடந்தால் இன்னும் மெலியும்.

முதல் பத்து நாள்

இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை வலி உண்டு. வெட்டிய இடத்து வலி தொடர்ந்து இருக்கும். வலி மருந்துக்கு அடங்கும். தசை வெட்டி இழுக்கும் வலி திடீரென்று வரும், கால் துள்ளும், பிள்ளை அலறுவான், பெரும்பாலும் கண் அயரும் நேரத்தில். இதற்கு வலி மருந்து மட்டும் போதாது. இறுக்கம் தளர்த்தும் டயசிபாம் போன்ற மருந்து தேவை. இரண்டையும் பிரித்தறியாமல் வலி மருந்தையே ஏற்றிக்கொண்டு போனால் மூச்சு மந்தப்படும், மலம் இறுகும், இறுகிய மலமே மறுபடி தசையைச் சுண்டவைக்கும். அதனால் மலமிளக்கி முதல் நாளிலிருந்தே கொடுக்கப்பட்டது. முதல் மூன்று நாள் முதுகில் வைத்த எபிடியூரல் குழாய் வழி மருந்து. பிறகு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 420 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு தடவை, வலி வரும்வரை காத்திருக்காமல்.

இரண்டாம் நாள் இடது காலில் ஒரு சிக்கல். பாதத்தின் மேற்புறம் எரிகிறது என்றான். பெருவிரலைத் தூக்க முடியவில்லை. பல ஆண்டு மடங்கிக் கிடந்த முழங்காலை ஒரே நாளில் நிமிர்த்தும்போது அதன் பின்னால் ஓடும் நரம்பும் இழுபடுகிறது. இந்த அறுவையில் எல்லோரும் அஞ்ச வேண்டிய சிக்கல் இதுதான். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து 30 டிகிரி மடக்கிவிட்டு, பிறகு இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். எரிச்சல் சில நாளில் அடங்கியது. விரல் தூக்க எட்டு வாரம் ஆனது. எபிடியூரல் மரமரப்பு ஆழமாக இருந்தால் பிள்ளையால் இதைச் சொல்ல முடியாமல் போகலாம். ஆகவே நான்கு மணிக்கொரு தடவை ‘பெருவிரலைத் தூக்கு’ என்று கேட்டுப் பார்ப்பது செவிலியர் குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாவுக்கட்டுக்குள் அளவுக்கு மீறிய வலி, விரல்கள் வெளுப்பு, விரலை நீட்டினால் அலறல் என்றால் விடியும்வரை பொறுக்காமல் கட்டை உடனே பிளக்க வேண்டும்.

ஆறு வாரம் கட்டோடு

நம் ஊரில் அறுவைக்கு நாள் குறிப்பது ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு முடிந்ததும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளை நடந்து போய்விடுவான் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. ஜூனில் அவன் கட்டைப் பிரித்த நிலையில்தான் இருப்பான். அதோடு மே மாத வெயிலில் கட்டுக்குள் வியர்த்து அரிக்கும். ஸ்கேலையோ குச்சியையோ உள்ளே விட்டுச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. மின்விசிறிக் காற்று நேரே படும்படி படுக்கவைப்பதும், ஹேர் டிரையரில் குளிர்காற்றை மட்டும் கட்டின் விளிம்பில் விடுவதும் போதும். குதிகால் படுக்கையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைக்க வேண்டும். முழங்காலுக்கு நேர் கீழே தலையணை வைத்துத் தூங்கவிட்டால் எடுத்த மடக்கு திரும்பி வந்துவிடும் (நரம்பு இழுபட்ட இடது காலுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன நாள்வரை விலக்கு).

மூன்றாம் நாளே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இறக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் நாளுக்கு மூன்று தடவை, அரை மணி நேரம் குப்புறப் படுத்தல். சில்லு நாண் தையல் பிரியாமலிருக்க முழங்காலை முதல் இரண்டு வாரம் 30 டிகிரி வரை, நான்காம் வாரத்தில் 60, ஆறாம் வாரத்தில் 90 என்று மட்டுமே மடக்கினார்கள். காலில் எடை ஊன்றுவது கூடாது.

வீட்டில் பெரிய சிக்கல் கழிப்பறை. இந்தியக் கழிப்பறையில் குந்துவது நடக்காத காரியம். நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலியை அதன் மேல் போட்டு, காலை நீட்டி வைக்க எதிரே ஒரு ஸ்டூல். தூக்கும்போது ஒருவர் அக்குளிலும் மற்றவர் தொடையிலும் பிடிக்க வேண்டும்; கணுக்காலில் பிடித்துத் தூக்கினால் முழு நெம்பும் புதிதாக வெட்டிய எலும்பில் விழும். அப்பா வேலைக்குப் போனபின் இரண்டாவது ஆள் யார் என்பதை அறுவைக்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். கால்தாங்கி உயரும் சக்கர நாற்காலியையும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் இதையெல்லாம் சொன்னால் காலம் கடந்துவிடும்.

கட்டு பிரித்த பிறகு

ஆறாம் வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரிந்தது. கட்டைப் பிரித்த அன்றே காலணிக் கச்சைக்கு (பாதத்தையும் கீழ்க்காலையும் பிடித்து நிறுத்தும் தாங்கு உறை) அச்சு எடுத்து, ஊன்றி நிற்கக்கூடிய வேறு கட்டைப் போட்டு, இரண்டு வாரத்தில் கச்சை வந்ததும் அதைக் கழற்றினார்கள். அச்சு எடுக்காமல் வெறுங்காலோடு வீட்டுக்கு அனுப்பி, கச்சை வர இரண்டு மாதமானால், அதற்குள் பாதம் பழையபடி சரியத் தொடங்கும்.

கச்சை எதுவும் போதும் என்று நினைக்கக் கூடாது. இவனுக்கு வேண்டியது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் மூடிய, கணுக்கால் மடங்காத, அடித்தகடு விறைப்பான வகை. பாதம் ஊன்றும்போது தரை தரும் எதிர்விசை அந்த முன்தகடு வழியாக முழங்காலைப் பின்னே தள்ளி நிமிர்த்தும். இழந்த கெண்டைக்கால் பிடியின் வேலையை அது செய்கிறது. வழக்கமாகக் கொடுக்கும், பின்பக்கம் மட்டும் மூடிய மெல்லிய கச்சையால் இது முடியாது. முழங்கால் மறுபடி 15 டிகிரிக்கு மேல் மடங்கிப்போனாலும், பாதம் போகும் திசையும் முழங்கால் பார்க்கும் திசையும் வேறுபட்டாலும் சரியான கச்சைகூட வேலை செய்யாது. முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் செய்தவரிடமே திருப்பிக் கொண்டுபோய் அந்த இடத்தைத் தளர்த்த வேண்டும்.

இந்தக் கட்டத்தில் தவிர்க்கவே வேண்டிய விபத்து ஒன்று உண்டு. கட்டுக்குள் மெலிந்த தொடை எலும்பை, விறைத்த முழங்காலை மடக்குகிறேன் என்று அழுத்தினால் முழங்காலுக்குச் சற்று மேலே அது முறியும். பயிற்சியின்போது புதிதாக அழுகை, அன்று மாலையே வீக்கமும் சூடும் என்றால், எக்ஸ்ரே எடுக்கும்வரை முறிவு என்றே கொள்ள வேண்டும். முழங்காலை மடக்க வேண்டியது பிள்ளை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால் தன் எடையில் தொங்கட்டும்.

வாக்கரும் மாறியது. முன்னால் தள்ளும் வாக்கரில் பிள்ளை அதன் மேல் கவிழ்ந்து மடங்கியே நடப்பான். பின்னால் இழுத்து வரும் வாக்கர் நிமிர வைக்கும். கைப்பிடி இடுப்பு எலும்பு முட்டின் உயரத்தில், முழங்கை சற்றே மடங்கியபடி இருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம்

நடமாட்ட அளவில் மூன்று தூரங்களிலும் 1. வீட்டுக்குள்கூடச் சக்கர நாற்காலி. முன்பு அவன் தவழ்ந்து வீடு முழுக்கச் சுற்றியவன். தண்ணீர் எடுத்தவன், டிவி போட்டவன். இப்போது முழங்கால் ஊன்றினால் தைத்த நாணும் தழும்பும் வலிப்பதால் தவழ முடியவில்லை. நடை வரவில்லை, தவழலும் போய்விட்டது. சாப்பாடு குறைந்தது, இரவில் விழித்தான், பிசியோ வரும் நேரம் நெருங்கினால் வயிற்று வலி என்றான். ‘சோம்பேறி ஆகிவிட்டான்’ என்றார்கள் உறவினர்கள். அவன் தன் வீட்டுக்குள் இருந்த சுதந்திரத்தை இழந்திருந்தான்.

மெல்போர்ன் குழு 66 பிள்ளைகளை இதே அளவுகோலால் பின்தொடர்ந்து 2007-ல் வெளியிட்டது. மூன்றாம், ஆறாம் மாதங்களில் நடமாட்டம் சரிந்து, 12-ம் மாதம் பழைய அளவுக்கு வந்து, 24-ம் மாதம் அதற்கு மேலே போனது. அதே நகரில் 19 பிள்ளைகளிடம் நடந்த, 2011-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஓராண்டில் நடையின் வடிவம் தெளிவாகத் திருந்தியிருந்தது. உடல் இயக்கத் திறன் மதிப்பெண் இரண்டாம் ஆண்டில்தான் உயர்ந்தது. இந்த வளைவைத் தாளில் வரைந்து, ‘நீ இப்போ இங்கே இருக்கே’ என்று பிள்ளையிடமே காட்டுவது எந்த ஊக்கப் பேச்சைவிடவும் பயன் தருகிறது.

நடைமுறையில் மாற்றியவை: பயிற்சிக்கு முக்கால் மணி முன்பு வலி மருந்து. பயிற்சி 40 நிமிடத்துக்கு மேல் இல்லை. எதை முதலில் செய்வது என்பது அவன் முடிவு. வலிக்கும்வரை இழுத்து நீட்டுவதை நிறுத்தி, அந்த நேரத்தை வலுவுக்குக் கொடுத்தார்கள்: பெஞ்சிலிருந்து எழுந்து உட்காருதல் 8 தடவை வீதம் மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். நாலைந்து மாதத்துக்குப் பிறகு பள்ளிப் பையில் அரை கிலோ, பிறகு ஒரு கிலோ. வீட்டு வாசற்படிக்குச் சிறு சரிவுப் பலகை, தண்ணீர்ப் பானையும் ரிமோட்டும் நாற்காலி உயரத்துக்கு. எல்லாவற்றையும்விடப் பலித்தது, நடை வரட்டும் என்று காத்திராமல் ஜூலையிலேயே சக்கர நாற்காலியில் பள்ளிக்கு அனுப்பியதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் பெருமூளை வாதம் இடம்பெற்றிருக்கிறது. தரைத்தள வகுப்பறை கேட்பதற்கு அந்தச் சட்டமே போதும். தலைமை ஆசிரியரிடம் இரக்கமாகக் கேட்க வேண்டியதில்லை.

பிள்ளையின் மனநிலையை அவனிடமே கேட்க வேண்டும். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில், பெருமூளை வாதம் உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் தங்கள் வாழ்வைப் பற்றிச் சொன்னது பெரும்பாலான அம்சங்களில் மற்றப் பிள்ளைகள் சொன்னதைப் போலவே இருந்தது. வாழ்க்கைத் தரத்தின் எல்லா அம்சங்களையும் இறக்கியது வலி. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் முகப்படத்தைக் காட்டி வலி மதிப்பெண் கேட்பதும், இரவில் எத்தனை தடவை விழித்தாய் என்று கேட்பதும் கோண அளவுகளுக்கு முன்னால் வர வேண்டும்.

இரண்டாம் ஆண்டின் முடிவில்

நடமாட்ட அளவில் (வீடு, பள்ளி, வெளியே என்ற வரிசையில்) ஆறாம் மாதம் 2, 2, 1. பன்னிரண்டாம் மாதமும் அதேதான், ஆனால் நிமிர்ந்து. பதினாலாம் மாதம், தொடையின் பக்கவாட்டில் உறுத்திய தகடுகளை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வாரம் குதிக்கவும் விழவும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், திருகாணித் துளைகள் மூடும்வரை எலும்பு பலவீனம். இருபத்து நான்காம் மாதம் 3, 2, 1: வீட்டுக்குள் முழங்கைத் தாங்கு ஊன்றுகோல்கள், பள்ளியில் வாக்கர், கடைத்தெருவுக்குச் சக்கர நாற்காலி. அந்தக் கடைசி 1-ஐ மாற்ற அவனை வதைக்கத் தேவையில்லை. கடைக்கு நாற்காலியில் போனால் அங்கே போய்ச் சேரும்போது தெம்போடு இருப்பான்.

முழங்கால் முன்வலி 10-க்கு 5-லிருந்து 1-க்கு இறங்கியது. பள்ளிக் கழிப்பறையில் சுவரில் பொருத்திய கைப்பிடியை ஒரு கையால் பிடித்து நின்று தனியாகப் போகிறான். நாட்டுப்பண்ணுக்கு வாக்கரோடு நிற்கிறான். யாரும் எதிர்பாராதது ஒன்று: திருகல் நேரானதால் பாதங்கள் இருபுறமும் விரிய உட்காரும் பழைய ‘டபிள்யூ’ உட்கார்வு வராமல் போய், சம்மணம் போட வருகிறது, பந்தியில் மற்றவர்களோடு உட்கார்கிறான். குந்தி உட்காருவது வரவில்லை, வராது. வீட்டில் மேலைக் கழிப்பறை நிரந்தரமாக வேண்டும். அம்மா அவனைத் தூக்குவது பேருந்துப் படியில் மட்டும்.

வலது முழங்காலில் 5 டிகிரி மடக்கு திரும்பியிருக்கிறது. 13 வயது, அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் உயரம் வேகமாக ஏறும், எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாது. ஆறு மாதத்துக்கொரு முறை முழங்கால் அளவும் கச்சையும், ஆண்டுக்கொரு முறை இடுப்பு எக்ஸ்ரேயும் முதுகெலும்புப் பரிசோதனையும், வளர்ச்சி நிற்கும்வரை. மடக்கு 10 டிகிரியைத் தாண்டினால், வளர்ச்சி மிச்சம் இருக்கும்போதே தொடை எலும்பின் முன்பக்க வளர்ச்சித் தட்டில் சிறு தகடு போட்டு, வளர்ச்சியைக் கொண்டே நிமிர்த்தலாம். வளர்ச்சி நின்றபின் அந்த வழி இல்லை. அடுத்த பரிசோதனை ஆறு மாதத்தில், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும்.